பூனையைச் சாக்கில் கட்டுவதற்கு முன் இதைக் கொஞ்சம் வாசியுங்கள்



மூன்று நாட்களாக ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. ஊரில் தெள்ளுக்கடி கூடிவிட்டதாம். பூனைகள்தான் காரணமாம். ஆகவே வீட்டுப் பூனை, ரோட்டுப் பூனை எல்லாவற்றையும் சாக்கில் கட்டி மீன் சந்தைக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டுவிட வேண்டுமாம். அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் படங்கள். கைதட்டியவர்களில் எங்கள் ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.

அதனால்தான் இதை எழுதுகிறோம். இதே தவறை ஊரில் முதலில் செய்தவர்கள் நாங்கள்தான்.

விடுமுறை முடிந்து பாடசாலை திறந்த வாரம். தரம் 4 இல் ஒரு பிள்ளை பாடம் நடக்கும்போதே காலைச் சொறிந்துகொண்டிருந்தாள். கணுக்காலைச் சுற்றிச் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். ஆசிரியர் ஓய்வறையில் தேநீர் ஆறுவதற்குள் "இது சொறி" என்று முடிவுகட்டிவிட்டோம். விரலிடுக்கைப் பார்க்கவில்லை. மணிக்கட்டைப் பார்க்கவில்லை. இரவில் கடிக்கிறதா, வீட்டில் மற்றவர்களுக்கும் இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பிள்ளையைக் கடைசி வாங்கில் தனியாக இருத்தினோம். உம்மாவுக்குத் துண்டு எழுதி அனுப்பினோம்: வீட்டையும் பிள்ளையையும் சுத்தமாக வைத்திருக்கவும்.

"எங்கட ஊட்ட பூன ஒண்டு இரிக்கி டீச்சர்" என்றாள் அந்தப் பிள்ளை. அவ்வளவுதான், குற்றவாளி கிடைத்துவிட்டது. அன்று பின்னேரமே வாப்பா பூனையைச் சாக்கில் போட்டு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்ச் சந்தைக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்தார். பிள்ளை இரண்டு நாள் பாடசாலைக்கு வரவில்லை.

கடி நின்றதா? இல்லை, கூடியது. அதுவரை கடிபடாத ராத்தாவுக்கும் தம்பிக்கும் கடி. அதற்குள் எங்கள் வகுப்பிலேயே களஞ்சிய அறைச் சுவரோரம் இருந்த இன்னும் மூன்று பிள்ளைகளின் கால்களிலும் அதே புள்ளிகள். அப்போதுதான் களஞ்சிய அறையைத் திறந்து பார்த்தோம். விளையாட்டுப் போட்டிக்கு வாங்கிய பழைய மெத்தைகள், மேடைச் சீலை, சாக்குகள். விடுமுறைக்குள் ஏதோ ஒரு பூனை அங்கே குட்டி போட்டு, குட்டிகளையும் தூக்கிக்கொண்டு போயிருந்தது. உள்ளே கால் வைத்துச் சற்று நேரத்திலேயே எங்கள் வெள்ளைக் காலுறையில் கறுப்புப் புள்ளிகள் துள்ளி ஏறின.

அந்தப் பிள்ளையின் பழைய இடமும் அந்தச் சுவரோரம்தான். முதல் கடி வீட்டிலா பாடசாலையிலா என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் துண்டு எழுதும்போது நாங்கள் நிச்சயமாக அறிந்தவர்கள்போல எழுதினோம்.

பூனையை விரட்டிய பிறகு கடி ஏன் கூடியது? குரல் பதிவு அனுப்பிய சகோதரர் இதைத்தான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

பூனையிலும் நாயிலும் அதிகமாகக் காணப்படுவது பூனைத் தெள்ளு என்ற ஒரே இனம்தான். பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40, 50 முட்டை வரை இடும். அவை பூனையின் உடம்பில் நிற்பதில்லை. பூனை படுக்கும் பாய், செற்றி, கட்டிலுக்கடி, முற்றத்து நிழல் மணல் என்று உதிர்ந்துவிடும். முட்டையிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்கு ஒளிந்து, பெரிய தெள்ளுகள் கழித்த காய்ந்த இரத்தத் துகளைத் தின்று வளரும். பிறகு ஒட்டும் கூடு கட்டி, அதில் தூசும் மணலும் ஒட்டிக்கொள்ள, நம் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். நல்ல வெப்பமும் ஈரமும் இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஆள் நடமாட்டம் இல்லாவிட்டால் கூட்டுக்குள்ளேயே மாதக் கணக்கில் காத்திருக்கும். காலடி அதிர்வும் உடல் சூடும் மூச்சும் பட்டவுடன் வெளியே பாயும். பூட்டிக் கிடந்த வகுப்பறை திறந்த வாரத்தில் கடி தொடங்கியதன் காரணம் இதுதான்.

ஆக, நாம் பூனையில் காண்பது தெள்ளுக் கூட்டத்தில் சிறு பங்கு. பெரும் பங்கு வீட்டுத் தரையில் இருக்கிறது. பூனையைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோனால் தரையில் இருப்பது எங்கே போகும்? பசியோடு வெளியே வரும் தெள்ளுக்குப் பூனை இல்லை. நமது பிள்ளையின் கால்தான் இருக்கிறது. சந்தையில் விடப்பட்ட பூனையோ தன் உடம்பில் உள்ளதை அங்குள்ள பூனைகளுக்கும் கொடுக்கும். ஒரு வீட்டுப் பிரச்சினையை ஊர்ப் பிரச்சினையாக்கும் வழி இது.

முதலில் தெள்ளுதானா என்று பாருங்கள்.

தெள்ளு 2 மில்லிமீற்றர் அளவு, செங்கபிலம், பக்கவாட்டில் தட்டை, சிறகு இல்லை, துள்ளும். உண்ணி துள்ளாது, தோலில் கடித்துக்கொண்டு நிற்கும். தெள்ளுக்கடி பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே, கூட்டமாகவோ வரிசையாகவோ இருக்கும். விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களில் இரவில் தூங்கவிடாமல் அரித்தால் அது சொறியாக இருக்கலாம், வைத்தியரிடம் போங்கள். காலையில் எழும்பும்போது கை, கழுத்தில் தடிப்பும் மெத்தை ஓரத்தில் கறையும் இருந்தால் மூட்டைப்பூச்சியைத் தேடுங்கள்.

இன்னொரு சுலபமான சோதனை. நனைத்த வெள்ளைக் கடதாசியின் மேல் பூனையை வைத்து, நெருக்கமான சீப்பால் சீவுங்கள். விழும் கறுப்புத் துகள் சற்று நேரத்தில் செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் கழிவு. கரையாவிட்டால் வெறும் மண். இரவில் மேசை விளக்குக்குக் கீழே ஒரு தட்டில் சவர்க்காரத் தண்ணீர் வைத்துவிட்டுப் படுத்தாலும், அறையில் தெள்ளு இருந்தால் காலையில் அதில் விழுந்து கிடக்கும்.

இருப்பது உறுதியானால் நாங்கள் பாடசாலையிலும், பிறகு அந்த வீட்டிலும் செய்தது இது:

1. பூனை படுக்கும் துணி, பாய், தலையணை உறை எல்லாவற்றையும் சுடுதண்ணீரில் துவைத்து நல்ல வெயிலில் போடுங்கள். தெள்ளுப் புழுவுக்குக் காய்ந்த வெயில் ஆகாது. கழுவ முடியாத பழைய மெத்தையை இறுகக் கட்டி அகற்றுங்கள்.

2. தும்புத்தடியால் மூலை, கட்டிலுக்கடி, தரை வெடிப்பு எல்லாம் தினமும் கூட்டுங்கள். குப்பையைப் பையில் கட்டி வெளியேற்றுங்கள். சீமெந்துத் தரையைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள்.

3. பூனையைத் தினமும் சீவி, சீப்பைச் சவர்க்காரத் தண்ணீரில் முக்குங்கள். கழுத்துப் பின்புறத்தில் விடும் மருந்தை மிருக வைத்தியரிடம் நிறை சொல்லிக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் மூன்று பூனை இருந்தால் மூன்றுக்கும் ஒரே நாளில் போடுங்கள்.

4. ஒரு வாரத்தில் நிறுத்தாதீர்கள். கூட்டுக்குள் இருப்பவை பிறகுதான் வரும். இரண்டு மூன்று மாதம் தொடருங்கள்.

இவற்றைச் செய்யவே வேண்டாம்: பூனைக்கு மண்ணெண்ணெய் பூசுவது, கழிவறை கழுவும் கிருமிநாசினியில் குளிப்பாட்டுவது, நாய்க்கான மருந்தைப் போடுவது. நாய்க்கான சில மருந்துகளில் உள்ள பேர்மெத்ரின் பூனையின் உயிரையே எடுக்கும். பூனை உடம்பை நக்குகிற பிராணி. தோலில் பூசியது வயிற்றுக்குள் போகும்.

தெள்ளைச் சின்ன விடயம் என்று நாங்கள் சொல்லவில்லை. கடித்த இடத்தைச் சொறிந்து புண்ணாகும். தெள்ளை விழுங்கினால் பூனைக்கும், சில வேளை சின்னப் பிள்ளைக்கும் நாடாப்புழு வரும். குட்டிப் பூனை இரத்தம் குறைந்து செத்தே போகும். 1914 இல் கொழும்புக்குள் வந்த பிளேக் நோயை எலியிலிருந்து மனிதனுக்குக் கொண்டுவந்ததும் எலித் தெள்ளுதான். அதனால்தான் சொல்கிறோம், தெள்ளை ஒழிக்க வேண்டும். ஒழிக்க வேண்டியது தெள்ளை.

மார்க்கத்தையும் இதற்குள் இழுக்கிறார்கள். "பூனை முடி இருந்தால் தொழுகை கூடாது" என்று குரல் பதிவில் ஒருவர் சொல்கிறார். பூனை அசுத்தமல்ல, அது நம்மைச் சுற்றி வரும் பிராணி என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை மத்ரஸாவில் நாமெல்லோரும் ஓதியிருக்கிறோம். உணவும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் பூனையை அடைத்து வைத்த பெண்ணின் முடிவையும் ஓதியிருக்கிறோம். சாக்கின் வாயைக் கட்டும்போது அது ஏன் ஞாபகம் வருவதில்லை?

இன்னொன்று. நோய் ஒன்று வந்தால் ஒரு கூட்டத்தைக் கைகாட்டி "இவர்களால்தான்" என்று சொல்வது எவ்வளவு இலகு என்பதை 2020 இல் நாம் அனுபவித்தோம். நமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட காலத்தில், "அறிவியல் ஆதாரம் எங்கே?" என்று கேட்டோம். கேட்டது சரி. அதே கேள்வியை ஒரு ஏழை வீட்டு வாசலில் நின்றுகொண்டு நம்மிடமே நாம் ஏன் கேட்கவில்லை? தெள்ளு ஏழை, பணக்காரன் பார்ப்பதில்லை. செற்றியும் கார்ப்பட்டும் உள்ள வீட்டில்தான் அதற்கு ஒளிய இடம் அதிகம்.

ஆசிரியர்களே, ஒரு பிள்ளையைக் கடைசி வாங்குக்கு அனுப்ப முன் காலைப் பாருங்கள், கையைப் பாருங்கள், உங்கள் களஞ்சிய அறையையும் பாருங்கள். சந்தேகம் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிடுங்கள். துண்டு எழுதுவது கடைசி வேலை.

அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு நாங்கள் போய் மன்னிப்புக் கேட்டோம். உம்மா எங்களுக்குத் தேநீர் தந்தார். பிள்ளை முன் வாங்குக்கு வந்துவிட்டாள். பூனை கிடைக்கவில்லை. சந்தைக்குப் பின்னால் நான்கு தடவை போய்த் தேடினோம். வெள்ளை உடம்பு, வாலில் மட்டும் மஞ்சள். கண்டவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள்.

அந்தக் குரல் பதிவை வைத்திருப்பவர்கள் அழித்துவிடுங்கள். அதற்குப் பதிலாக இதை அனுப்புங்கள். அல்லாஹ் நம் எல்லோருக்கும் விளக்கத்தைத் தருவானாக.