மாதவிலக்கு தள்ளிப் போனால் மருந்துக்கடைக்காரரா டாக்டர்?

இரவு 9 மணி. தியாகராய நகர் துணிக்கடைகளில் ஷட்டர் இறங்குகிறது. காலையிலிருந்து நின்றே வேலை பார்த்த பெண்கள் மாம்பலம் ரெயில் நிலையத்துக்கு ஓடுகிறார்கள். போகிற வழியில் சிலர் மருந்துக்கடையில் ஒரு நிமிடம் நிற்கிறார்கள். "அண்ணே, ரெண்டு மாசமா வரலை... மாத்திரை குடுங்க."

கையில் டாக்டர் சீட்டு கிடையாது. கடைக்காரர் கேட்பதும் கிடையாது. அட்டையைக் கத்தரித்துப் பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிடுகிறார். தின்று முடித்த சில நாளில் ரத்தப்போக்கு வருகிறது. "சரியாப் போச்சு" என்று அந்தப் பெண் மறுபடியும் வேலைக்குப் போய் நிற்கிறாள்.

எங்கே சரியாயிற்று? நோயை மூடி வைத்தாயிற்று, அவ்வளவுதான்!

அந்த மாத்திரையில் இருப்பது ஹார்மோன். உடம்பிலுள்ள சுரப்பிகள் ரத்தத்தில் கலந்து விடும் சரக்கு அது. மாதவிலக்கு, கர்ப்பம், எடை, தூக்கம், முடி எல்லாம் அதன் உத்தரவுப்படிதான் நடக்கிறது. வெளியிலிருந்து கொடுத்து நிறுத்தினால் பெரும்பாலும் ரத்தம் வரும். தள்ளிப் போனது ஏன் என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கும். வேடிக்கை என்னவென்றால், கல்யாணம், கோவில் திருவிழா என்று நாளைத் தள்ளிப் போடவும் இதே மாத்திரையைத்தான் வாங்குகிறார்கள். வரவழைக்கவும் அதுவே, நிறுத்தவும் அதுவே!

வயிற்றில் குழந்தை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். சிறுநீரில் பார்க்கும் பரிசோதனை அட்டை அதே கடையில், அதே அலமாரியில் கிடக்கிறது. அதைக்கூட எடுத்துக் கொடுக்காமல் ஹார்மோனைக் கொடுப்பது என்ன வியாபாரம்?

பழைய வழக்கு

இந்தக் கூத்து இன்று தொடங்கியதல்ல. ஒரு காலத்தில் இரண்டு ஹார்மோன்களைப் பெரிய அளவில் கலந்த மாத்திரையும் ஊசியும் இந்தியா முழுவதும் விற்றன. ரத்தம் வந்தால் கர்ப்பம் இல்லை, வராவிட்டால் கர்ப்பம் என்று அதை வைத்தே "பரிசோதனை" நடந்தது. கருவைக் கலைக்கவும் தின்றார்கள். கலையாமல் பிறக்கும் குழந்தைக்கு ஊனம் வரலாம் என்ற எச்சரிக்கை எழுந்தது. 1982-ல் அரசு தடை போட்டது. மருந்துக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய்த் தடைக்கே தடை வாங்கின. பெண்கள் அமைப்புகள் விடாமல் போராடி, 1988-ல்தான் தடை நிலைத்தது. ஆறு ஆண்டு!

அந்தக் கலவை போய்விட்டது. சீட்டு இல்லாமல் ஹார்மோன் விற்கும் பழக்கம் போகவில்லை.

வீட்டில் கிடைக்கும் பட்டம்

மாதவிலக்கு 21 நாளிலிருந்து 35 நாளுக்குள் வந்தால் பயம் வேண்டாம். ஒரு மாதம் முன்பின் ஆனாலும் ஓடிப் போக வேண்டியதில்லை. அடிக்கடி தள்ளிப் போனால், மூன்று மாதம் வராமலே இருந்தால், காரணம் பார்த்தே ஆக வேண்டும்.

பெரும்பாலும் மாட்டுவது இரண்டு பேர். ஒன்று தைராய்டு. கழுத்திலுள்ள இந்தச் சுரப்பி மந்தமானால் எடை கூடும். முடி கொட்டும். மலச்சிக்கல், அசதி, மறதி வரும். மின்விசிறிக் காற்றே குளிரும். வீட்டில் இதற்கு வைக்கும் பெயர் "சோம்பேறி". மாமியார் சொல்வார், புருஷன் சொல்வான், முதலாளியும் சொல்வார். ஒரு ரத்தப் பரிசோதனையில் (டி.எஸ்.எச்.) தெரிந்துவிடும் விஷயம் இது.

இன்னொன்று பி.சி.ஓ.எஸ். ஊரில் "நீர்க்கட்டி" என்கிறார்கள். கட்டி என்றதும் ஆபரேஷன் என்று தாய்மார்கள் அலறுகிறார்கள். அது கட்டியே அல்ல! முழுதாக முற்றாமல் சினைப்பையில் நின்றுபோன கருமுட்டைப் பைகள்தான் ஸ்கேனில் அப்படித் தெரிகின்றன. 1935-லேயே அமெரிக்காவில் சிகாகோ டாக்டர்கள் ஸ்டெய்ன், லெவந்தால் இருவரும் இதை எழுதி வைத்துவிட்டார்கள். மாதவிலக்கு ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதி (முகத்தில் முடி, விடாத பரு), ஸ்கேனில் தெரியும் பைகள் ஆகிய மூன்றில் இரண்டு இருந்து, தைராய்டு போன்ற வேறு காரணம் இல்லை என்றும் தெரிந்தால் இந்த நோய் என்பது 2003-ல் வந்த விதி. வயதுக்கு வந்து எட்டு ஆண்டு ஆகாத பெண்ணுக்கு ஸ்கேனை வைத்து இந்த முத்திரை குத்தக் கூடாது. பள்ளிக்கூடப் பெண்களை ஸ்கேன் சென்டர் வாசலில் வரிசையில் நிறுத்தும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

பிள்ளை இல்லை என்றால் கேட்கவே வேண்டாம். "மலடி" பட்டம் தயார். மகளிர் போலீஸ் நிலையத்துக்கு வரும் குடும்பச் சண்டைகளில் இந்தச் சொல் எத்தனை முறை விழுகிறது! புருஷனைப் பரிசோதித்தீர்களா என்று கேட்டால் பதில் இல்லை. பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்ணுக்குக் கருமுட்டை வெளிவர மாத்திரை இருக்கிறது. பிள்ளை பெற்றவர்கள் ஏராளம்.

கடை மாத்திரையின் உண்மையான ஆபத்து வேறு. பல மாதம் கருமுட்டை வெளிவராமல், மாதவிலக்கும் இல்லாமல் இருந்தால் கர்ப்பப்பையின் உள்தோல் தடித்துக்கொண்டே போகும். கவனிக்காமல் விட்டால் புற்றுநோயில் முடியலாம். சர்க்கரை வியாதியும் பின்னாலேயே வரும். ஆகவே சர்க்கரையும் பார்க்க வேண்டும். கட்டுக்கட்டாய் "ஹார்மோன் பேக்கேஜ்" எடுக்கச் சொல்லும் போர்டுகளை நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். எந்தச் சோதனை, மாதவிலக்கான எத்தனையாவது நாளில் என்று டாக்டர் சொல்ல வேண்டும். ஹார்மோன் மாத்திரை தின்றுகொண்டே எடுத்தால் பல சோதனைகளின் கணக்கு தப்பும்.

வைத்தியம் மலையைப் புரட்டும் வேலை அல்ல. எடை கூடியிருக்கும் பெண் நூற்றுக்கு 5 பங்கு குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்குக்கு வரும். 70 கிலோ என்றால் மூன்றரை கிலோ. தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, காபிக்கு அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி பொறுக்க வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி. 6 முதல் 8 வாரத்தில் மறுபடி ரத்தம் கொடுத்து அளவு பார்க்க வேண்டும். கர்ப்பமானால் நிறுத்தவே கூடாது. அளவு கூட்டத்தான் வேண்டியிருக்கும்.

யார் லீவு கொடுப்பது?

எழும்பூரில் 1844-ல் தொடங்கிய தாய் சேய் ஆஸ்பத்திரி இருக்கிறது. திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் காலையில் போய் வரிசையில் நிற்க வேண்டும். காலை என்பது கடை திறக்கும் நேரம். அரை நாள் போனால் சம்பளம் போகும். அதனால்தான் இரவு 9 மணி மருந்துக்கடை!

மாதத்தில் ஒரு காலை, சம்பளம் பிடிக்காமல் லீவு கொடுத்தால் எந்த முதலாளிக்கும் கடை மூழ்கிவிடாது. மாநகராட்சி சுகாதார மையங்களில் பெண் டாக்டர் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு இருப்பார் என்று வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கட்டும். மாலை நேரமாக இருந்தால் இன்னும் நல்லது. மருந்துக் கட்டுப்பாட்டு இன்ஸ்பெக்டர்கள் பகலில் சோதனைக்குப் போவதை விட்டு, ரெயிலடிக் கடைகளுக்கு இரவு 9 மணிக்கு ஒரு நடை போகட்டும்.

டாக்டரிடம் போகும் பெண்கள் கடைசி ஆறு மாதத்து மாதவிலக்குத் தேதிகளைக் காலண்டர் பார்த்து எழுதி எடுத்துப் போக வேண்டும். இதுவரை கடையில் வாங்கித் தின்ற மாத்திரைகளின் காலி அட்டைகளையும் கொண்டு போய்க் காட்ட வேண்டும்.