சாவி கையில் வரும்போது என்ன விலை?

கார் விற்கும் கடையில் "ஆஃபர்" என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி, நம் பணத்தையே நமக்குச் சலுகையாகத் திருப்பித் தருவது. இன்னொரு பகுதி, சட்டப்படி நமக்கு வரவேண்டியதை அன்பளிப்பு போலக் காட்டுவது. உண்மையான தள்ளுபடி என்று ஒன்று இல்லாமல் இல்லை. ஆனால் அதைக் கண்டுபிடிப்பதற்குள் நமக்குத் தலை சுற்றிவிடுகிறது. தலை சுற்றவேண்டும் என்பதுதான் அவர்கள் ஏற்பாடு. இப்படி எழுதினால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

இதை நம் வயதினருக்காகவே எழுதுகிறேன். முட்டி வலி வந்து ஸ்கூட்டரை விட்டவர்கள், கிராஜுவிட்டியில் மிச்சம் வைத்ததை எடுத்துக் கடைசியாக ஒரு சின்னக் கார் வாங்கலாம் என்று கிளம்புகிறார்கள். கடைக்குள் நுழைந்ததும் குளிர்ச்சியான அறை, காப்பி, "அங்கிள்" என்ற அழைப்பு. "வாழ்க்கையில ஒரு தடவைதானே அங்கிள், டாப் மாடலே எடுத்துடுங்க" என்கிறான் பையன். வெளிநாட்டிலிருந்து மகனும் போனில் அதையே சொல்கிறான். ஆறு லட்சம் என்று வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டுப் போனவர் ஒன்பது லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார். அந்த மூன்று லட்சம், ஒரு கண் ஆபரேஷனும் ஒரு முட்டி ஆபரேஷனும் சேர்ந்த பணம்.

அரசாங்க அலுவலகத்தில் கொள்முதல் கோப்பு பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். நாற்காலி வாங்குவதென்றாலும் மூன்று கொட்டேஷன் வாங்கி, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, எல்லா வரியும் செலவும் சேர்ந்த கடைசித் தொகையை ஒப்பிட்டுத்தான் கோப்பு மேலே போகும். "இதர செலவுகள் தனி" என்று மொட்டையாக ஒரு வரி இருந்தால் அந்தக் கொட்டேஷனை ஓரமாக வைத்துவிடுவோம். நாற்காலிக்கு இவ்வளவு பார்த்தவர்கள், சொந்தப் பணத்தில் லட்சக்கணக்கில் கார் வாங்கும்போது மட்டும் ஒரே கடையில், ஒரே துண்டுச்சீட்டில் நம்பி உட்காருவது என்ன நியாயம்?

பிரெஞ்சு பள்ளியில் படித்த நம் ஊர்க்காரர்களுக்கு "கிளே ஆன் மேன்" என்ற சொல் நினைவிருக்கும். சாவி கையில் வரும் விலை என்று பொருள். பிரான்சில் கடைக்காரர் வாடிக்கையாளருக்குக் காட்டும் விலை வரி எல்லாம் சேர்ந்ததாக இருக்கவேண்டும், அது சட்டம். பதிவுச் சான்றுக்கான செலவு மட்டும் தனியாக வரும். நம் நாட்டுக் கார் விளம்பரத்தில் "எக்ஸ்-ஷோரூம் விலை" பெரிய எழுத்தில் இருக்கும். நட்சத்திரக் குறி போட்டு அடியில் எறும்பு எழுத்தில் மற்றதெல்லாம். கடைக்குப் போனால் அந்த நட்சத்திரம் ஒவ்வொன்றாக ரூபாயாக மாறும்.

புதுச்சேரியில் இதற்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. நம் வாகன வரி தமிழ்நாட்டைவிடக் குறைவு. அங்கே 2023 நவம்பரிலிருந்து 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம் ஆயுள் வரி. "கடலூர்ல எடுத்தா எவ்வளவு ஆகும் பாருங்க சார், இங்கே எவ்வளவு மிச்சம்!" என்கிறார்கள். அந்த மிச்சம் அரசாங்கம் விட்டுக்கொடுத்தது, கடை கொடுத்ததல்ல. அந்த இடைவெளிக்குள்தான் "ஹேண்ட்லிங் சார்ஜ்" என்றும் "எசென்ஷியல் கிட்" என்றும் சத்தமில்லாமல் செருகிவிடுகிறார்கள். மொத்தம் கடலூரைவிடக் குறைவாகவே தெரிவதால் நாமும் கேட்பதில்லை. ஹேண்ட்லிங் சார்ஜ் என்பது அரசாங்க வரி அல்ல. விற்பவர் தன் சரக்கைத் தன் கடைக்குக் கொண்டுவந்த செலவை நாம் ஏன் தனியாகக் கொடுக்கவேண்டும்? மளிகைக் கடையில் அரிசி மூட்டையை லாரியிலிருந்து இறக்கிய கூலியைப் பில்லில் தனியாகப் போட்டால் விடுவோமா?

2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. நான்கு மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500 சி.சி.க்குள் இருப்பவை. அதற்கு முன் சின்ன பெட்ரோல் காருக்கு 28 சதவீதமும் அதன் மேல் ஒரு சதவீதம் செஸ்ஸும் இருந்தன. வரிக்கு முன் ஐந்து லட்சம் விலையுள்ள கார் 6,45,000 ஆக இருந்தது, 5,90,000 ஆகவேண்டும். இந்த 55,000 ரூபாயையும் "எங்கள் விழாக்காலப் பரிசு" போலப் பேசுவதைக் காதால் கேட்டேன். பழைய விலையைச் சொல்லி, அதை அடித்து, புதிய விலையை எழுதுவதில் என்ன தாராளம்?

எக்ஸ்சேஞ்ச் போனஸுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். உங்கள் பழைய கார் வெளியில் 2,20,000க்குப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் அதற்கு 1,80,000 மதிப்புப் போட்டு, "எக்ஸ்சேஞ்ச் போனஸ் 30,000" என்று கைகுலுக்குவார்கள். மொத்தம் 2,10,000. நம் சட்டைப் பையிலிருந்து 40,000 எடுத்து, அதில் 30,000ஐத் திருப்பிக் கொடுத்து, "போனஸ்" என்கிறார்கள். பழைய காரின் விலையை முதலில் வெளியில் இரண்டு இடத்தில் கேளுங்கள். புதுக் காரின் விலையைப் பேசி முடிக்கும்வரை பழைய கார் இருப்பதையே சொல்லவேண்டாம்.

அந்தப் பழைய காரில் இன்னொரு சொத்தும் இருக்கிறது. கிளெய்ம் செய்யாமல் ஓட்டியதற்கான நோ கிளெய்ம் போனஸ் காருக்குச் சொந்தமல்ல, உங்களுக்குச் சொந்தம். முதல் வருடம் 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்து வருடத்தில் 50 சதவீதம்வரை போகும். பழைய காரை விற்றதும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் அதற்கான கடிதம் வாங்கினால், புதுக் காரின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் அந்தக் கழிவு கிடைக்கும். அந்தப் பகுதி 20,000 ரூபாய் என்றால் 10,000 மிச்சம். கடையில் எத்தனை பேர் இதைத் தாமாகச் சொல்கிறார்கள்? கேட்டால்தான் "ஆமா சார், அது இருக்கு" என்பார்கள்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில்தான் என் கோபம் அதிகம். "எங்ககிட்டயே எடுக்கணும் சார், இல்லாட்டி டெலிவரி தர முடியாது" என்று சொல்லப்பட்ட நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். அப்படி எந்தச் சட்டமும் இல்லை. காருக்கு இன்ஷூரன்ஸ் வேண்டும் என்பது சட்டம். யாரிடம் வாங்குவது என்பது நம் இஷ்டம். "வெளியே எடுத்தா கேஷ்லெஸ் வராது" என்பது அடுத்த மிரட்டல். கேஷ்லெஸ் என்பது இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அந்தப் பட்டறைக்கும் உள்ள ஒப்பந்தம். பாலிசியை யார் விற்றார் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூன்றாம் நபர் காப்பீடு புதுக் காருக்கு மூன்று வருடத்துக்குச் சேர்த்து எடுக்கவேண்டும். 2018 செப்டம்பரிலிருந்து அதுதான் விதி. சொந்தச் சேதத்துக்கு ஒரு வருடம் எடுத்தால் போதும். ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடு ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், இன்னொரு தடவை பணம் கட்டவேண்டியதில்லை. ஜீரோ டெப்ரிசியேஷன் மட்டும் புதுக் காருக்கு நல்லது என்பேன். அது இல்லாவிட்டால் பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும்.

"அசல் வட்டி குறைவு" என்று கடையிலேயே கடன் ஏற்பாடு செய்வார்கள். 7 சதவீதம் என்று சொன்னால், அது குறைந்துவரும் பாக்கிக்கா, ஆரம்பத் தொகைக்கா என்று கேளுங்கள். ஐந்து லட்சத்துக்கு 7 சதவீதம் "ஃபிளாட்" என்றால் ஐந்து வருடத்தில் வட்டி 1,75,000, மாதம் 11,250. பேங்க் வழக்கப்படி குறைந்துவரும் பாக்கிக்குக் கணக்குப் போட்டால் அது 12 சதவீதத்தைத் தாண்டுகிறது.

இனி "ஃபீச்சர்" என்று கடை விரிப்பதைப் பார்ப்போம். "இதுல ஏ.பி.எஸ். இருக்கு சார், டிரைவர் ஏர்பேக் இருக்கு, ரிவர்ஸ் சென்சார் இருக்கு, பெல்ட் போடலேன்னா சத்தம் கொடுக்கும், வேகம் தாண்டினா சத்தம் கொடுக்கும்" என்று விரல்விட்டு எண்ணுகிறான் பையன். இவை எல்லாம் 2019க்குள் சட்டப்படி கட்டாயமானவை. இல்லாவிட்டால் அந்தக் காரை விற்கவே முடியாது. நாலு சக்கரம் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டியதுதானே?

உண்மையில் நமக்கு வேண்டியது எது? ஏறி இறங்க வசதியான உயரத்தில் சீட், ஓட்டுநர் சீட்டை உயர்த்தித் தாழ்த்தும் வசதி, பின்கண்ணாடிக்கு வைப்பரும் டிஃபாகரும், இரவில் பின்வண்டி வெளிச்சம் கண்ணைக் கூசாமல் இருக்கும் கண்ணாடி, முடிந்தால் கிளட்ச் மிதிக்காத ஆட்டோமேட்டிக். கார்த்திகை மழையில் பின்கண்ணாடி வெள்ளையாகிவிட்டால் என்ன ஆகும் என்று ஈ.சி.ஆரில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த வைப்பர் பல மாடல்களில் கீழ்நிலை வகையில் கிடையாது. அது வேண்டுமென்றால் பெரிய டி.வி. திரை, பளபளக்கும் சக்கரம், கூரையில் சன்ரூஃப் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கவேண்டும். பாதுகாப்பைப் பொழுதுபோக்கோடு கட்டி விற்கிறார்கள். ரேஷன் கடையில் சர்க்கரை வேண்டுமானால் சோப்பும் வாங்கு என்று ஒரு காலத்தில் சொன்னார்களே, அதே வியாபாரம்தான். இதைத் தயாரிப்பாளர்களின் திட்டமிட்ட அநியாயம் என்றே சொல்வேன்.

சன்ரூஃப்! சித்திரை வெயிலில் குடை பிடித்து நடக்கிற ஊரில், கூரையில் ஓட்டை போட்டு அதற்குப் பல ஆயிரம். குளிர் தேசத்தில் வெயிலுக்கு ஏங்குகிறவர்களுக்கு அது வேண்டும். நமக்குத் தலைக்கு மேல் இடம் குறையும், சூடு கூடும், வடிகால் குழாய் அடைத்துக்கொண்டால் மழைநீர் மடியில் சொட்டும்.

டெஃப்ளான், செராமிக், அடிப்பாகப் பூச்சு என்று ஒரு பட்டியல் வரும். "கடல் காத்து சார், துரு பிடிச்சுடும்" என்று பயமுறுத்துவார்கள். கடல் காற்று உண்மை. ஆனால் தொழிற்சாலையிலேயே உடல் முழுவதையும் துருத் தடுப்புத் தொட்டியில் முக்கி எடுத்துத்தான் பெயின்ட் அடிக்கிறார்கள். அதற்கு உத்தரவாதமும் தருகிறார்கள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தையும் சேர்த்துக் கழுவுங்கள். சீட் கவர் விஷயத்தில் எச்சரிக்கை: சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள காருக்குப் பொருந்தாத கவர் போட்டால், விபத்தின்போது ஏர்பேக் விரியத் தடையாகும். முன்னால் இரும்புக் கம்பி பொருத்துவதையோ 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடுத்துவிட்டது.

"கடைக்காரருக்கும் பிழைப்பு வேண்டாமா? கார் விற்பதில் அவருக்கு லாபம் குறைவு, இன்ஷூரன்ஸிலும் உபரிச் சாமானிலும்தான் ஏதோ கிடைக்கிறது" என்று நண்பர்கள் வாதாடுகிறார்கள். இருக்கலாம். அப்படியானால் அவர் தயாரிப்பாளரிடம் கூடுதல் கமிஷன் கேட்கட்டும். மாதச் சம்பளத்துக்கும் டார்கெட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஒருவருக்கு லாபம் குறைவு என்பது, இன்னொருவரிடம் பொய் சொல்ல உரிமை ஆகாது.

ஆகவே அன்பர்களே, ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள். மூன்று கடை, அதில் ஒன்று வேறு ஊரில். எக்ஸ்-ஷோரூம் விலை, வாகன வரியும் பதிவுக் கட்டணமும், இன்ஷூரன்ஸ், தள்ளுபடி, மற்றவை என்று ஐந்து வரி போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுத்தில் தொகை வாங்குங்கள். "மற்றவை"யில் என்னென்ன என்று பிரித்துக் கேளுங்கள். வேண்டாததை உங்கள் கையாலேயே அடியுங்கள். கார் எந்த மாதம், எந்த வருடம் தயாரானது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ஜனவரியில் "விசேஷத் தள்ளுபடி" என்றால் பெரும்பாலும் போன வருடத்துச் சரக்கு. அது குற்றமல்ல, ஆனால் தெரிந்து வாங்கவேண்டும். பத்து லட்சத்துக்கு மேல் போனால் ஒரு சதவீதம் வருமான வரிக் கணக்கில் பிடிப்பார்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்தால் அது வரியில் கழியும், வரியே இல்லையென்றால் திரும்பி வரும். அதை விட்டுவிடாதீர்கள்.

"இன்னிக்கு ராத்திரியோட ஆஃபர் முடியுது சார்" என்றால், "நாளைக்கு வருகிறேன் தம்பி" என்று எழுந்துவிடுங்கள். நாளைக்கும் அந்த ஆஃபர் இருக்கும். கட்டாயப்படுத்தினால் நுகர்வோர் உதவி எண் 1915, இன்ஷூரன்ஸ் புகாருக்கு 155255. முப்பது வருடம் கோப்பில் "விவரம் கேட்டு எழுதுக" என்று குறிப்புப் போட்டவர்கள் நாம். ஊரார் பணத்துக்குக் கேட்ட கேள்வியை நம் பணத்துக்கும் கேட்போம்.