பூனைக்குக் கொடுத்த அரை மாத்திரை

 

ஒரு பெண் பூனையொன்றை அடைத்து வைத்து, அதற்கு உணவும் அளிக்காமல், தானாக இரை தேடித் தின்னவும் விடாமல் சாகடித்தாள் என்றும், அதன் காரணமாகவே வேதனைக்கு ஆளானாள் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய செய்தியை நாம் அனைவரும் அறிவோம். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ள இந்த ஹதீஸை மதரஸாப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் நான் பாடமாகச் சொல்லி வருகிறேன். சொல்லும்போதெல்லாம் அந்தப் பெண்ணை நம்மினும் வெகு தொலைவில் நிற்பவளாகவே எண்ணியிருந்தேன். 2019-ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த இரண்டாவது வாரம் அந்த எண்ணம் மாறிப்போயிற்று. என் வீட்டுப் பூனை என் கையாலேயே மாண்டது.

அதன் பெயர் சுல்தான். சாம்பலும் வெள்ளையுமான நாட்டுக் கடுவன். குட்டியாக மழையில் நனைந்து கொல்லைப்புறம் ஒதுங்கியதை என் மகள் தூக்கி வந்தாள். மூன்று ஆண்டுகள் எங்களோடு இருந்தது. சுபுஹுத் தொழுகைக்கு நான் எழுந்தால் அதுவும் எழும். ஒளூச் செய்து முடிக்கும்வரை குழாயடியில் காத்திருக்கும். அந்த வாரம் ஒருநாள் அது உணவைத் தொடாமல் கட்டிலடியில் சுருண்டு கிடந்தது. காதைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. "என்னங்க, நாளைக்குக் காலையில் மருத்துவரிடம் கொண்டு போய்க் காட்டுங்களேன்" என்றாள் மனைவி. காய்ச்சலுக்கு என்ன பெரிய வைத்தியம் என்று எண்ணி, எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்காக வைத்திருந்த பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதியை நுணுக்கி, மீன் வேகவைத்த நீரில் கலந்து ஊட்டினேன். அன்று நான் செய்ததை ஒரு நற்செயல் என்றே நம்பினேன்.

இஷாவுக்குப் பின் அதன் முகம் வீங்கத் தொடங்கியது. நள்ளிரவில் வாயைத் திறந்து மூச்சு வாங்கிற்று. ஈறுகள் இளஞ்சிவப்பாக இல்லை. சேற்று நிறமாக இருந்தன. விடிந்ததும் கூடையில் வைத்துக் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துச் சென்றேன். மருத்துவர் வாயைத் திறந்து பார்த்ததும், "என்ன கொடுத்தீர்கள், பாய்?" என்றார். சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. லுஹருக்கு முன் சுல்தான் இறந்துவிட்டது. முதுகின் ரோமத்தை விலக்கி அவர் ஒரு புண்ணைக் காட்டினார். வேறொரு பூனையோடு சண்டையிட்டதில் பல் பதிந்து, மேல்தோல் மூடிக்கொண்டு, உள்ளே சீழ் கட்டியிருந்தது. கீறிச் சீழை வெளியேற்றி ஊசி போட்டிருந்தால் ஒரு வாரத்தில் தேறியிருக்கக் கூடியது என்றார். "நீங்கள் ஒன்றுமே கொடுக்காமல் காலையில் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்கும், பாய்" என்று அவர் கடிந்துகொள்ளாமல்தான் சொன்னார்.

அவர் விளக்கியதை இங்கே எழுதுவதற்காகவே இந்த மாதப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன். பாராசிட்டமாலை முறித்து வெளியேற்றுவதற்கு மனிதனின் ஈரலில் ஒரு நொதி உண்டு. பூனையின் ஈரலில் அது மிகச் சொற்பம். ஆகவே உள்ளே சென்ற மருந்து நஞ்சாக மாறி இரத்தத்தின் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. அவை பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கின்றன. இரத்தமே பழுப்பு நிறமாகிவிடுகிறது. மூன்று, நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு அரை மாத்திரையே உயிர்க்கொல்லி. பாராசிட்டமாலுக்கு அசிட்டைல்சிஸ்டீன் என்னும் மாற்று மருந்து இருக்கிறது. ஆனால் உள்ளே சென்ற சில மணி நேரத்திற்குள் அதைக் கொடுத்தாக வேண்டும். நான் ஓர் இரவு முழுவதையும் கடத்திவிட்டேன். ஆஸ்பிரின், இபுப்ரோஃபன் போன்ற வலி மாத்திரைகளும் இத்தகையவையே. பிள்ளைகளுக்கான காய்ச்சல் சொட்டு மருந்துதானே என்று யாரும் எண்ண வேண்டாம். அதிலும் இருப்பது அதே பாராசிட்டமால்தான்.

மற்றொன்றையும் அன்றுதான் அறிந்தேன். நலமாக இருக்கும் பூனையின் உடல் வெப்பமே ஏறத்தாழ 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். நமக்கு அது காய்ச்சல். அதற்கு அது இயல்பு. எனவே கையால் தொட்டுப் பார்த்துப் பூனைக்குக் காய்ச்சல் என்று முடிவு கட்டுவதில் பொருளே இல்லை. அது உண்கிறதா, சிறுநீர் கழிக்கிறதா, தன் உடலை நக்கிச் சுத்தம் செய்துகொள்கிறதா, வழக்கமான இடத்தை விட்டு ஒளிந்து கிடக்கிறதா என்பவையே பார்க்க வேண்டியவை. பூனை தன் நோவை வெளிக்காட்டாத பிராணி. இரண்டு நாள் உண்ணாமல் இருந்தால் அதன் ஈரலில் கொழுப்பு படிந்து அதுவே தனி நோயாகிவிடும். கொழுத்த பூனைகளுக்கு இந்த ஆபத்து கூடுதல். கடுவன் பூனை சிறுநீர் கழிக்க முக்கி முக்கி உட்கார்ந்து, ஒன்றும் வராமல் எழுந்தால், மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிராமல் அன்றே மருத்துவரிடம் ஓட வேண்டும். அடைப்பு நீங்காவிட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

நம் வீடுகளுக்கும் பூனைக்கும் உள்ள உறவு பழமையானது. அபூகத்தாதா (ரலி) அவர்கள் ஒளூச் செய்வதற்காக அவர்களுடைய மருமகள் கப்ஷா தண்ணீர் வைத்தபோது ஒரு பூனை வந்தது. அது குடிப்பதற்கு வசதியாக அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியந்து நின்ற மருமகளிடம், பூனை அசுத்தமானதல்ல, நம்மைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என நபிகளார் (ஸல்) கூறியதை எடுத்துரைத்தார்கள். அபூதாவூத், திர்மிதி உள்ளிட்ட நூல்களில் இது பதிவாகியிருக்கிறது. பூனை வாய் வைத்த தண்ணீர் ஷாஃபிஈ மத்ஹபில் தூய்மையானது. ஹனஃபி மத்ஹபில் வேறு தண்ணீர் இருக்கும்போது அதைப் பயன்படுத்துவது இலேசான மக்ரூஹ். அதன் மலமும் சிறுநீரும் நஜீஸ் என்பதை மட்டும் மறந்துவிடலாகாது. அபூஹுரைரா (ரலி) அவர்களின் பெயர்க் காரணம் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் தம் அங்கியின் மீது உறங்கிய பூனையை எழுப்ப மனமின்றி நபிகளார் (ஸல்) அங்கியின் கையையே வெட்டினார்கள் என்று பலர் மேடைகளில் சொல்லும் கதை நம்பத்தகுந்த ஹதீஸ் தொகுப்புகளில் இல்லை. மெய்யான செய்திகளே போதுமான அளவு இருக்கும்போது இதற்கு என்ன தேவை?

உணவைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. பூனை என்றாலே பால் என்று நினைக்கிறோம். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரை செரிப்பதில்லை, வயிற்றோட்டம்தான் மிச்சம். பூனை அடிப்படையில் ஊன் உண்ணி. டாரின் என்னும் சத்தை இறைச்சியிலிருந்தே அது பெற்றாக வேண்டும். அந்தச் சத்துக் குறைந்தால் இதயத் தசை தளர்ந்து பூனை இறப்பதை 1987-ஆம் ஆண்டில்தான் அமெரிக்க மருத்துவர்கள் கண்டறிந்தனர். பாலும் சோறும் பிசைந்து வைத்துவிட்டு, பூனைக்குச் சோறு போட்டோம் என்று நாம் நிறைவடைவது நம் நிறைவுதான், பூனையுடையது அல்ல. நாய்க்கென விற்கும் தீவனமும் அதற்கு ஆகாது.

நம் வீட்டுச் சமையலில் ஓர் ஆபத்து உண்டு. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. வலீமா விருந்து முடிந்து, மிஞ்சிய பிரியாணியை இரக்கத்தோடு பூனைக்கு வைக்கிறோமே, அதில் இரண்டும் தாராளமாக இருக்கின்றன! வெந்த கோழி எலும்போ ஊசி ஊசியாய் உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும். கறியையோ மீனையோ மசாலா சேர்க்கும் முன்பே சிறிது எடுத்து, உப்பின்றி வேகவைத்து, எலும்பும் முள்ளும் நீக்கி வைப்பது பெரிய வேலையல்ல. நாள்தோறும் மீன் மட்டுமே, அல்லது ஈரல் மட்டுமே என்று பழக்குவதும் நல்லதன்று. தண்ணீர்க் கிண்ணத்தை உணவுத் தட்டிலிருந்து தள்ளி வைத்துப் பாருங்கள், கூடுதலாகக் குடிக்கும்.

சகோதரிகளின் கவனத்துக்கு ஒன்று. வெள்ளிக்கிழமை காலையில் பினாயில் ஊற்றித் தரை துடைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஈரத்தரையில் நடந்த பூனை பின்னர் தன் பாதங்களை நக்கும். பாராசிட்டமாலை முறிக்க இயலாத அதே ஈரலுக்குப் பினாயிலையும் முறிக்க இயலாது. தரை நன்றாகக் காயும்வரை அதை வெளியே வைத்திருங்கள். துடைத்த தரையை மறுமுறை வெறும் நீரால் துடைத்தால் இன்னும் நல்லது. டெட்டால் கலந்த நீரில் பூனையைக் குளிப்பாட்டுவதும் வேண்டாம். பீரோவில் போடும் அந்துருண்டையும் நஞ்சு. நாய்க்கென விற்கும் உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பெயர் இருந்தால், அது பூனையின் மேல் ஒரு சொட்டும் படக் கூடாது, வலிப்பு கண்டுவிடும். தையல் இயந்திரம் உள்ள வீடுகளில் நூலைக் கீழே விடாதீர்கள். பூனை நூலை விளையாட்டாக விழுங்கிவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைக் கண்டால் இழுத்துவிடாதீர்கள். உள்ளே குடலை அறுத்துவிடும். அப்படியே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

கருவுற்ற பெண் இருக்கும் வீட்டில் பூனையைத் துரத்திவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. டாக்ஸோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிர் சில பூனைகளின் மலத்தில் வெளியாகும். கருவிலுள்ள குழந்தைக்கு அது கேடு விளைவிக்கக் கூடும். 1908-இல் துனிஸ் நகரில் எலி போன்ற ஒரு பாலைவனப் பிராணியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இக்கிருமிக்கும் பூனைக்கும் உள்ள தொடர்பு 1970-ஐ ஒட்டியே தெளிவாயிற்று. மலத்தோடு வெளிவந்த கிருமி நோய் தரும் நிலையை அடையக் குறைந்தது ஒரு நாளாவது ஆகும். ஆகவே மண் தட்டை அன்றாடம் சுத்தம் செய்துவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும். அந்த வேலையைக் கர்ப்பிணி செய்யாமல் கணவர் செய்யட்டும். அதே கிருமி சரியாக வேகாத இறைச்சியிலும், கழுவாத கீரையிலும் வரக்கூடியது என்பதையும் பூனையைத் துரத்தச் சொல்லும் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

வெறிநோய் நாய்க்கு மட்டும் உரியதன்று. பூனை கடித்தாலோ, கீறி இரத்தம் வந்தாலோ, ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியை முறையாக முடிக்க வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. பூனைக்கு மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிறகு மருத்துவர் சொல்லும் கணக்கில் தொடரலாம். குட்டிகளைக் கூட்டமாகக் கொன்றுபோடும் குடல் நோய் ஒன்று இருக்கிறது. வாந்தியும் பேதியுமாக இரண்டே நாளில் முடித்துவிடும். அதற்கான ஊசியை ஆறு முதல் எட்டு வார வயதிற்குள் தொடங்கிவிட வேண்டும். தாயிடமிருந்து எட்டு வாரத்துக்கு முன் குட்டியைப் பிரிப்பது அதற்கு இழைக்கும் அநீதி.

கருத்தடை அறுவை குறித்து ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. விலங்குகளுக்கு அதைத் தடுத்தவர்கள் உண்டு. நன்மை கருதி அனுமதித்தவர்களும் உண்டு. பெட்டைப் பூனை ஐந்து மாதத்திலேயே சினையாகக் கூடும். ஒன்பது வாரத்தில் ஈனும். ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறை ஈனும். கண் திறவாத குட்டிகளைச் சாக்கில் கட்டி மீன் சந்தையில் விட்டுவிட்டு வருகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களில் சிலர் அறுவைச் சிகிச்சை கூடாது என்று வாதிடுபவர்கள். மயக்கம் கொடுத்து, வலியின்றி, தேர்ந்த மருத்துவர் செய்யும் சிகிச்சையைவிட அந்தச் சாக்கு எப்படி மேலாயிற்று என்பது எனக்கு விளங்கவில்லை. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

அந்தப் பெண்ணின் ஹதீஸுக்கு மீண்டும் வருகிறேன். உணவும் கொடுக்கவில்லை, வெளியிலும் விடவில்லை என்று இரண்டு குற்றங்கள் அதில் சேர்த்துச் சொல்லப்படுகின்றன. திருமணத்துக்கென்று நான்கு நாள் வெளியூர் செல்கிறோம். ஒரு கிண்ணம் சோற்றை வைத்து வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறோம். முதல் நாளே அது கெட்டுவிடுகிறது. தண்ணீர்க் கிண்ணம் கவிழ்கிறது. மே மாதத்துக் கூரையின் கீழ் என்ன ஆகும்? அடுத்த வீட்டாரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம். அல்லது வெளியில் பழகிய பூனையாயின் வெளியில் விட்டு, தீனிக்கு ஏற்பாடு செய்யலாம். புறப்படும் முன் பரணையும் பீரோவையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள், உள்ளே உறங்கிக்கொண்டிருக்கும்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு கறுப்புப் பெட்டை இருக்கிறது. சுல்தான் இறந்தபின் ஈராண்டு வரை வேறு பூனை வேண்டாம் என்றிருந்தேன்; மகள் கேட்கவில்லை. மருந்துப் பெட்டியின் மூடியில் 'மனிதருக்கு மட்டும்' என்று அவள் எழுதி ஒட்டிய காகிதம் இன்றும் இருக்கிறது. பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறோம். கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண்ணும் அந்தக் காகிதத்தின் கீழேயே எழுதப்பட்டிருக்கிறது.

கூண்டுப் பறவைகளைப் பற்றி அடுத்த இதழில், இன்ஷா அல்லாஹ்.