தலையில் பட்ட அடியும் காலில் வந்த தள்ளாட்டமும்

மலைநாட்டிலே மழை பிடித்துக்கொண்டால் தேயிலை மலையில் கால் ஊன்றுவதே ஒரு வித்தைதான். ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில், தலையில் மாட்டிய கயிற்றிலே கொழுந்துக் கூடையைத் தொங்கவிட்டு, இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு, கானுக்குக் கான் தாண்டிச் சரிவில் ஏறும் பெண்களை நேயர்கள் கண்டிருப்பீர்கள். அவர்களுள் ஒருத்தி வழுக்கி விழுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பின்னந்தலை கல்லில் மோதுகிறது. கண் இருட்டிப் பின் தெளிகிறது. வைத்தியசாலையில் ஸ்கான் எடுத்துப் பார்த்து, உள்ளே இரத்தக் கசிவு ஏதுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். எல்லோருக்கும் நிம்மதி.

அவளுக்கு மட்டும் நிம்மதியில்லை. படுக்கையில் புரண்டால் லயத்துக் கூரை சுழல்கிறது. கொடியில் துணி போட அண்ணாந்தால் தரை நழுவுகிறது. மலைக்குப் போக அஞ்சுகிறாள். பேர் விழாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. "ஸ்கான்லதான் ஒன்னும் இல்லேன்னு சொல்லிட்டாங்களே, இன்னும் என்னடி?" என்கிறாள் மாமியார். சோம்பல் என்பார் ஒருவர்; காத்துக் கறுப்பு என்பார் மற்றொருவர். மாத்திரையோ மாதக்கணக்கில் நீள்கிறது.

ஸ்கானில் ஒன்றுமில்லை என்றால், மூளையில் இரத்தக் கசிவோ பெரிய காயமோ தெரியவில்லை என்பதே பொருள். தலைசுற்றலுக்குக் காரணமே இல்லை என்பது அதற்குப் பொருளன்று. இத்தகைய சுழற்சிக்குக் காரணம் பல வேளைகளில் காதுக்குள்ளே இருக்கிறது. உட்காதில் நீர் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் உண்டு. தலை எப்பக்கம் திரும்புகிறது என்று மூளைக்கு அறிவிப்பவை அவை. அவற்றின் அருகே ஒரு சிறு பையில், கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புப் படிகங்கள் பசைபோன்ற மெத்தையில் ஒட்டியிருக்கின்றன. அடியின் அதிர்ச்சியில் அவற்றிற் சில கழன்று குழலுக்குள் புகுந்துவிட்டால், தலையை அசைக்கும்போதெல்லாம் அவை உருண்டு, உடல் சுழல்வதாக மூளைக்குப் பொய்ச் செய்தி அனுப்புகின்றன.

1914ஆம் ஆண்டின் நோபல் பரிசைக் காதின் சமநிலை உறுப்பை ஆராய்ந்ததற்காகப் பெற்ற வியன்னா வைத்தியர் ராபர்ட் பாரனி, இந்நோயை 1921இல் விவரித்தார். (பரிசுச் செய்தி வந்தபோது அவர் ரஷ்யரிடம் யுத்தக் கைதியாக இருந்தார் என்பது வேறு கதை.) 1952இல் இலண்டனில் டிக்ஸ் அம்மையாரும் ஹால்பைக்கும், நோயாளியைச் சட்டென்று மல்லாத்திக் கண்மணியின் துடிப்பைப் பார்த்து இதை அறியும் முறையை வகுத்தனர். அமெரிக்காவின் ஜான் எப்லியோ கைகளாலேயே இதைத் தீர்க்கும் வழியைக் கண்டார். வெறுங்கையால் தலையைத் திருப்பி நோயைப் போக்குவதாவது என்று சக வைத்தியர்களே நம்ப மறுத்தனராம். அவருடைய கட்டுரை 1992இல்தான் வெளிவந்தது.

செய்முறை எளிது. கட்டிலில் உட்காரவைத்து, தலையைப் பாதித்த காதின் பக்கம் பாதியளவு திருப்பி, தலை சற்றுத் தொங்குமாறு மல்லாக்கப் படுக்கவைக்கிறார்கள். சுழற்சி அடங்கியதும் தலையை மறுபக்கம் திருப்பி, பின்பு உடலையும் அப்பக்கமே உருட்டி, மெல்ல எழுப்பி உட்காரவைக்கிறார்கள். குழலுக்குள் கிடந்த படிகங்கள் உருண்டு பைக்கே திரும்புகின்றன. பலருக்கு ஓரிரு தடவையில் குணம் தெரியும். அடிபட்டு வந்த நோய்க்கு மேலும் சில தடவைகள் வேண்டியிருக்கலாம்.

காது மட்டுமே காரணமென்றும் கொள்ளலாகாது. விழுந்த வேகத்தில் கழுத்தும் உலுக்கப்படுகிறது. தலை எந்நிலையில் இருக்கிறது என்று மேற்கழுத்து மூட்டுகளும் மூளைக்குச் சொல்பவை. அவை இறுகிப் புண்பட்டால் நடை தள்ளாடும். ஆண்டுக்கணக்காகக் கூடைப் பாரத்தைக் கழுத்தாலே தாங்கிய பெண்ணிடம் இதைக் கேளாமலே விடுவது சரியன்று. கனடாவின் கல்கரியில் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், மூளை அதிர்ச்சிக்குப் பின் தொல்லை தீராத விளையாட்டு வீரர்களுக்குக் கழுத்துச் சிகிச்சையும் சமநிலைப் பயிற்சியும் அளித்தனர். எட்டு வாரத்தில் 15 பேரில் 11 பேர் களத்துக்குத் திரும்பலாம் என்று வைத்தியர் அனுமதித்தார். அச்சிகிச்சை பெறாத 14 பேரில் அவ்வாறு தேறியவர் ஒருவரே. சிறிய ஆய்வுதான், ஆயினும் கவனிக்கத்தக்கது.

கைவைத்தியம் என்றதும் சிலருக்குச் சலூனில் கழுத்தை 'நெட்டி' முறிப்பவரின் நினைவு வரும். அந்தப் பக்கமே போகாதீர்கள்! கழுத்தெலும்பின் ஊடே மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடிகள் இருக்கின்றன. வேகமாக முறுக்கினால் அவை கிழிந்து பாரிசவாதம் வரலாம். நாம் சொல்லும் சிகிச்சை, பிஸியோதெரப்பி என்னும் இயன்மருத்துவம் பயின்றவர், வைத்தியர் பார்த்த பின் மென்மையாகச் செய்வது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அது பட்டப் படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. ஆதலால் நுவரெலியாவுக்கோ டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக்கோ செல்பவர்கள், "தல சுத்துதுங்க" என்று மட்டும் சொல்லி மாத்திரையோடு திரும்பிவிடலாகாது. எப்பக்கம் புரண்டால் சுழல்கிறது, எத்தனை நொடி நிற்கிறது, கழுத்து வலிக்கிறதா என்பவற்றையும் சொல்லி, இயன்மருத்துவரிடம் அனுப்புவீர்களா என்று கேட்கவேண்டும். தலைசுற்றலை அடக்கும் மாத்திரை முதற் சில நாளைக்கு உதவலாம்; நெடுநாள் விழுங்கினால், மூளை தானே சமநிலையைப் பழகிக்கொள்வதை அது தாமதப்படுத்தும்.

அடிபட்டவருக்கு வாந்தி மேலும் மேலும் வந்தாலும், தூக்கம் மிஞ்சினாலும், வலிப்பு வந்தாலும், தலைவலி ஏறிக்கொண்டே போனாலும், கைகால் சோர்ந்தாலும், காதிலோ மூக்கிலோ நீரோ இரத்தமோ கசிந்தாலும் ஒரு நிமிடமும் தாமதியாது 1990 இலக்கத்துக்கு அழைத்து ஆம்புலன்ஸை வரவழையுங்கள்.

அத்தகைய ஆபத்து இல்லாதவர் ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின் மெல்ல நடமாடுவதே நல்லது. இருட்டறையில் வாரக்கணக்கில் கிடக்கவேண்டியதில்லை. 1940களில் இங்கிலாந்தில் கோதார்னும் குக்ஸியும் தலைக்காயக்காரர்களுக்கென வகுத்த பயிற்சிகளில், கண்ணை ஒரு பொருளில் நிறுத்தித் தலையை அசைப்பதும், பந்தை எறிந்து பிடிப்பதும், சரிவில் ஏறி இறங்குவதும் அடங்கும். சரிவுக்கு நமக்கா பஞ்சம்? முதலில் லயத்து முற்றத்தில், பின்பு படிக்கட்டில், அதன்பின் மலைப்பாதையில், பக்கத்தில் ஒருவர் துணையிருக்க, கூடையில்லாமல் நடக்கட்டும். கயிற்றைத் தலையில் மாட்டுவது அதற்கும் பிறகுதான்.