"லைசென்ஸ் எங்கே?" இந்தக் கேள்விதான் நமக்குக் காவல்!



வடசேரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில் ஒரு அண்ணன் செல்போனில் வீடியோ காட்டினார். "பாத்தியாலே, அமெரிக்காவுல இடுப்புல துப்பாக்கிய மறைச்சு வச்சுட்டுப் போலாம். லைசென்ஸே வேண்டாம். இங்க மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி?" பக்கத்தில் இருந்த நகைத் தொழிலாளியும் தலையாட்டினார். கோயில் நகைக்குப் பேர்போன ஊர் நம்ம வடசேரி. தங்கத்தை மடியில் கட்டிக்கிட்டு ராத்திரி வீட்டுக்குப் போறவருக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். அந்தப் பயம் நியாயம். ஆனா அதுக்குச் சொல்ற மருந்து விஷம்!

அமெரிக்காவில் என்ன நடந்தது? துப்பாக்கிக் கடைக்காரர், வாங்குபவரின் குற்றப் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும். அதற்கான தேசிய கம்ப்யூட்டர் முறை 1998-ல் வந்தது. ஆனால் தனிநபரிடம் கைமாறி வாங்கினால் அந்தச் சோதனை வேண்டும் என்று மத்தியச் சட்டம் சொல்லவில்லை. டெக்சாஸிலும் அப்படித்தான். அந்த ஓட்டையை ஓரளவாவது அடைத்தது, கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் பெர்மிட். கைரேகை கொடுக்கணும், பயிற்சி எடுக்கணும், சுட்டுக் காட்டணும். 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் அது கட்டாயமில்லை. 2023-ல் புளோரிடாவும் பெர்மிட்டைக் கைவிட்டது. இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இந்தப் பாதையில்!

"குற்றவாளி துப்பாக்கி வைக்கக் கூடாதுன்னு சட்டம் அப்படியேதானே இருக்கு?" என்கிறார்கள். இருக்கு. ஆனா யார் குற்றவாளி என்று பார்ப்பது யார்? பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, "திருடன் உள்ளே வரக் கூடாது"ன்னு போர்டு வைத்தால் போதுமா?

நம் நாட்டில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். மனு போட்டால் போலீஸ் ஸ்டேஷன் அறிக்கை தர வேண்டும். வன்முறை வழக்கில் தண்டனை பெற்றவரா, மனநிலை சரியா என்று பார்க்க வேண்டும். 2019 திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது.

"சட்டம் இருந்தும் வில்சன் சாகத்தானே செஞ்சார்?" என்று கேட்பீர்கள். 2020 ஜனவரி 8 இரவை குமரி மாவட்டம் மறக்காது. களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தத் துப்பாக்கி பிறகு எர்ணாகுளத்தில் சாக்கடையிலிருந்து எடுக்கப்பட்டது. உண்மைதான், சட்டம் எல்லாக் கொலைகளையும் தடுக்காது. ஆனால் சாவடியில் நிற்கும் போலீஸ்காரர் ஒரு பையைத் திறந்து கைத்துப்பாக்கியைக் கண்டால், "லைசென்ஸ் எங்கே?" என்று கேட்கலாம். பதில் இல்லையென்றால், ஒரு தோட்டாகூட வெடிக்கும் முன்பே கைது செய்யலாம். லைசென்ஸே வேண்டாம் என்றால் அந்தக் கேள்வியும் செத்துப்போகும். அப்புறம் குண்டு பாயும்வரை காத்திருக்க வேண்டியதுதான்!

இது அமெரிக்காக் கதை மட்டுமல்ல. 2025 மே மாதம் அசாம் அமைச்சரவை, பதற்றமான பகுதிகளில் வாழும் 'மண்ணின் மைந்தர்களுக்கு' லைசென்ஸ் தாராளமாக வழங்க முடிவெடுத்தது. ஆளின் நடத்தையைப் பார்த்துத் தர வேண்டிய உரிமத்தை, ஆள் யார் எவர் என்று பார்த்துத் தருவதா? மக்களைக் காக்க வேண்டிய அரசு, "நீயே பாத்துக்கோ"ன்னு துப்பாக்கியைக் கையில் கொடுப்பது பாதுகாப்பா, கைகழுவலா?

எங்கள் கோரிக்கைகள்:

🔴 ஆயுத லைசென்ஸ் விதிகளை எந்தப் பெயரிலும் தளர்த்தக் கூடாது.

🔴 போலீஸ் விசாரணை வெறும் கையெழுத்துச் சடங்காக இருக்கக் கூடாது. புதுப்பிக்கும்போதும் முழுமையாக விசாரிக்க வேண்டும்.

🔴 வடசேரி சந்தையிலும் நகைத் தொழிலாளர் தெருக்களிலும் இரவு ரோந்தை அதிகப்படுத்த வேண்டும்.

நகைத் தொழிலாளி நிம்மதியா வீடு போய்ச் சேரணும். அதுக்கு அவர் மடியில் துப்பாக்கி வேண்டாம், தெருவில் காவல் வேண்டும். எதிரே வருகிறவன் இடுப்பிலும் துப்பாக்கி இருக்குமோ என்ற பயம் நம்ம ஊருக்கு வேண்டவே வேண்டாம்!

#லைசென்ஸ்_எங்கே #துப்பாக்கி_வேண்டாம்_காவல்_வேண்டும் #வடசேரி