ஜன்னல் கேட்ட மனிதர்



1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. போர் வேண்டாம் என்றவர்களைத் துரோகிகள் என்று தூற்றிய நேரம் அது. ஆனாலும், அந்த நவம்பரில் நடந்த நியூயார்க் நகரத் தேர்தலில், போரை எதிர்த்த சோஷலிஸ்ட் கட்சியின் மேயர் வேட்பாளருக்கு ஏறத்தாழ 22 சதவீத வாக்குகள் கிடைத்தன. நகர மன்றத்துக்கும் அக்கட்சியினர் ஏழு பேர் தேர்வானார்கள். பல் மருத்துவர், தையல் தொழிற்சங்கக்காரர், பத்திரிகையாளர் என்று உழைத்துப் பிழைத்தவர்கள்.

அவர்களில் பாருக் சார்னி விளாடெக்கைப் பற்றி உங்களோடு பேச ஆசை. 1886இல் மின்ஸ்க் நகருக்கு அருகே பிறந்த யூதர். ரஷ்யாவின் ஜார் மன்னராட்சியை எதிர்த்து இளம் வயதிலேயே சிறை சென்றவர். 1908இல் அமெரிக்காவில் குடியேறினார். பிறகு இத்திஷ் மொழி நாளிதழ் 'ஃபார்வர்ட்'டின் மேலாளராக நீண்டகாலம் இருந்தார்.

அவருடைய வாசகர்களில் பெரும்பாலோர் நெருக்கியடித்த அடுக்குக் குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். தெருவைப் பார்த்த அறைக்குத்தான் வெளிச்சம்; உள்ளறைகளில் பகலிலும் இருட்டு. கழிப்பறை பல குடும்பங்களுக்குப் பொது. தையல் மெஷின் ஓடும் அறையிலேயே பிள்ளைகளும் தூங்கும்.

1934இல் மேயர் லா கார்டியா நகர வீட்டுவசதி ஆணையம் அமைத்தபோது விளாடெக்கையும் அதில் உறுப்பினராக்கினார். மறு ஆண்டே அந்த ஆணையத்தின் 'ஃபர்ஸ்ட் ஹவுசஸ்' குடியிருப்பு திறக்கப்பட்டது. நெருக்கமாக நின்ற பழைய கட்டடங்களில் மூன்றுக்கு ஒன்று வீதம் இடித்து, மற்றவற்றுக்குக் காற்றும் வெளிச்சமும் வர வழிசெய்வதே அதன் திட்டம். வெந்நீரும் குளியலறையும் வீட்டுக்குள்ளேயே வந்தன.

1937இல் அவர் மீண்டும் நகர மன்றத்துக்குத் தேர்வானார். மறு ஆண்டு, 52 வயதில் காலமானார். 1940இல் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் எழுந்த பொதுக் குடியிருப்புக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

உலகத்தையே மாற்றப் புறப்பட்டவர், ஒரு ஏழை வீட்டின் ஜன்னலைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். நாட்டை ஆள்பவர்களைப் பற்றி நாள் முழுக்கப் பேசுகிற நாம், குடிநீரும் சாக்கடையும் யார் பொறுப்பில் இருக்கின்றன என்பதை எத்தனை பேர் கவனிக்கிறோம்?

உங்கள் வார்டில் மனசாட்சியோடு உழைத்த உறுப்பினர் இருந்தால், அவர் செய்த ஒரு காரியத்தையாவது எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். நல்லது செய்தவரைப் பெயர் சொல்லிப் பாராட்டுவதும் நம் கடமைதான்.

அன்புடன்,
ஆசிரியர்