சுவருக்கு அலங்காரமா, காதுக்குப் பாட்டா? காரைக்குடி இசைத்தட்டுகள் கேட்கும் கேள்வி!

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போயிருக்கீங்களா? பழைய பொருள் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கும். எனாமல் தூக்கு, மரப்பெட்டி, ரவிவர்மா படம்னு குவிந்து கிடக்கும் சாமான்களுக்கு நடுவே, குழாய் வைத்த கிராமபோனும் கறுப்பு இசைத்தட்டுகளும் கண்ணில் படும். அழகாக இருக்கேன்னு வாங்கிப்போய் வரவேற்பறைச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் பாட்டு?

இந்த ஊருக்கும் இசைத்தட்டுக்குமான உறவு பழசு. 1907-ல் காரைக்குடியில் பிறந்த ஏவி.மெய்யப்ப செட்டியார், குடும்பக் கடையில் இசைத்தட்டு விற்றவர். பிறகு சென்னையில் கூட்டாளிகளுடன் 'சரஸ்வதி ஸ்டோர்ஸ்' தொடங்கி, ஓடியன் இசைத்தட்டுகளை விற்றார். சினிமா எல்லாம் அதற்கு அப்புறம்தான். காரைக்குடி ஸ்டூடியோவில் எடுத்து 1947-ல் வெளியான 'நாம் இருவர்', டி.கே.பட்டம்மாள் குரலில் பாரதி பாடல்களைப் பட்டிதொட்டியெங்கும் சேர்த்தது. பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை அவர் காசு கொடுத்து வாங்கியிருந்தார். 1949-ல் அரசு பாரதி படைப்புகளைக் கையகப்படுத்தியபோது, பைசா வாங்காமல் அதை விட்டுக்கொடுத்தார்.

இப்போ கொஞ்சம் கடல் தாண்டுவோம். ஜமைக்காவின் மக்கள்தொகை இன்றுகூட 30 லட்சத்தைத் தொடவில்லை. 1960-களின் பிற்பாதியில் அங்கே 'ராக்ஸ்டெடி' பிறந்தது. அதன் தாளம் இன்னும் மாறி 'ரெகே' ஆனது. பாடியவர்களில் பலருக்குக் கிடைத்தது ஒரேயொரு முறை கொடுத்த சிறு தொகைதான். பிழைப்புக்காக பிரிட்டன் போன ஜமைக்கா மக்களோடு அந்தத் தட்டுகளும் கப்பலேறின. நம்மவர்கள் பர்மா, மலாயா போன மாதிரிதான்! 1968-ல் லண்டனில் தொடங்கிய 'ட்ரோஜன்' நிறுவனம் ஜமைக்கா பாடல்களை அங்கே வெளியிட்டது. அதன் பழைய தொகுப்புகள் மறுபதிப்பாக இன்றும் வருகின்றன. 2018-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ரெகே இடம்பிடித்தது. விடாமல் கேட்டார்கள், அதனால் பிழைத்தது.

தமிழ்த் தட்டுகளுக்கு அந்த வாய்ப்பு இல்லையா? இருக்கிறது. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் காப்புரிமை, வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள்தான். 1940, 50-களின் பதிவுகள் அந்தக் காலத்தைத் தாண்டிவிட்டன. பாடல் வரிக்கும் மெட்டுக்கும் உரிமை தனி. ஆசிரியர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் அது நீடிக்கும். அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டத்தைவிடப் பெரிய வில்லன், தட்டின் ஆயுள். 78 சுற்றுத் தட்டு அரக்கு கலந்து செய்தது. கீழே விழுந்தால் அப்பளம்தான்! உங்க வீட்டுப் பரணில் இருந்தால், வெயில் படாத இடத்தில் செங்குத்தாக நிறுத்தி வையுங்க. தேய்ந்த ஊசியால் ஓட்டாதீங்க, ஒலித்தடமே அழிஞ்சுடும். லேபிளில் இருக்கும் பெயரையும் எண்ணையும் எழுதி வையுங்க. விற்பதற்கு முன் ஒருமுறை டிஜிட்டலில் பதிவு செய்துவிடுங்க.

முன்னுதாரணமும் பக்கத்திலேயே இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களை, அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதனால்தான் அவை சிதறாமல் இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக இருக்கின்றன. செட்டிநாட்டுப் பரண்களில் மிச்சமிருக்கும் பாட்டுகளுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும். வீடுகள் இடிபட்டு, சாமான்கள் கடைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அதைச் செய்ய ஏற்ற நேரம் இதுதான்.